தோலில் குறையக்கூடாது, ஈரலில் குவியக்கூடாது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீருக்கு மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, முகத்துவாரம்வரை வந்த எண்ணெய் அது. சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரவியிருப்பதாகக் கடலோரக் காவல்படை சொன்னது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கத்து மீனவர்களே படகில் போய் அதை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28 விடிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோதும் நடந்தது இதுதான். உறிஞ்சும் இயந்திரங்களால் அந்தக் கெட்டி எண்ணெயை முழுதாக எடுக்க முடியவில்லை. எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் பாறைகளுக்கு நடுவே வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள்.

அள்ளியவர்களில் பலருக்கு அரிப்பு, எரிச்சல். எண்ணெயில் உள்ள ரசாயனங்களே அதற்குப் போதுமான காரணம். ஆனால் எண்ணெய் பட்ட கையை எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பதும் ஒரு கேள்வி. வடசென்னையில் படகு இன்ஜின் வேலை பார்ப்பவர்கள், லாரி மெக்கானிக்குகள், பட்டறைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் பழக்கமான வழி ஒன்று உண்டு: கொஞ்சம் கிருஷ்ணாயில் அல்லது டீசல், அதற்கு மேல் சோப்புத் தூள், பிடிவாதமான கறை என்றால் பாத்திரம் தேய்க்கிற பவுடர். கறை போய்விடும். ஒரு மணி நேரத்தில் தோல் வெளுத்து, இழுத்துப் பிடித்ததுபோல் ஆகும். நாலு நாள் தொடர்ந்து செய்தால் விரல் இடுக்கில் வெடிப்பு வரும், உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். கறையோடு சேர்ந்து வேறொன்றும் கழுவப்பட்டுவிட்டதுதான் காரணம். அதன் பெயர் செரமைடு.

இந்தச் சொல்லை நம்மில் பலரும் முதலில் பார்த்தது முகக் க்ரீம் டப்பாவில்தான் இருக்கும். அதனால் இது ஏதோ அழகுசாதனக் கம்பெனி கண்டுபிடித்த சமாச்சாரம் என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் இது நம் உடம்பு ஒவ்வொரு நாளும் தானே செய்துகொள்ளும் கொழுப்பு. தோலில் மட்டுமல்ல, மூளை, நரம்பு, ஈரல், தசை என ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. தோலின் மேலடுக்கில் இது நிறைய வேண்டும். ஈரலிலும் தசையிலும் மிகக் கொஞ்சம் போதும், அங்கே குவிந்தால் சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும். வடசென்னையில் பாடுபடுகிறவர்களின் உடம்பைப் பார்த்தால் இரண்டுமே தலைகீழாக நடப்பதற்கான சூழல் இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

தோலில் இருந்தே தொடங்கலாம். நாம் தொட்டுப் பார்க்கிற தோலின் மேற்பரப்பு செத்த உயிரணுக்களால் ஆனது. பதினைந்து, இருபது அடுக்காகத் தட்டையாகப் படிந்து கிடக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இதன் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான், சில இடங்களில் அதிலும் பாதி. உடம்புக்குள் இருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியே இருக்கும் நஞ்சும் கிருமியும் உள்ளே நுழையாமலும் தடுப்பது இந்த மெல்லிய படலம். தோல் மருத்துவ ஆய்வாளர் பீட்டர் இலையாஸ் இதை விளக்க 1980களில் செங்கல் சுவர் என்ற உவமையைக் கொண்டுவந்தார். செத்த உயிரணுக்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே நிரம்பியிருக்கும் கொழுப்பு சாந்து. சுவர் ஒழுகுவதும் ஒழுகாததும் பெரும்பாலும் சாந்தின் கையில் இருக்கிறது.

அந்தச் சாந்தின் எடையில் ஏறக்குறையப் பாதி செரமைடு. கால் பங்கு கொலஸ்ட்ரால். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். கொலஸ்ட்ரால் என்றாலே முகம் சுளிக்கிற நமக்கு, அது இல்லாவிட்டால் தோல் நிற்காது என்பது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

செரமைடு மூலக்கூறுக்கு இரண்டு நீண்ட வால்கள். ஒன்று ஸ்பிங்கோசின் என்ற பொருளிலிருந்து வருவது, மற்றொன்று ஒரு கொழுப்பு அமிலம். வால் எவ்வளவு நீளம் என்பதை வைத்து அதன் குணமே மாறும். இதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரலுக்குப் போகும்போது தேவைப்படும். தோலில் இருப்பவை மிக நீண்ட வால் உடையவை, 24 கரியணுக்கள் முதல் 30க்கு மேல்கூடப் போகும். அவ்வளவு நீளமாக இருப்பதால் நெருக்கமாக அடுக்கிப் படிந்து, தண்ணீர் புக இடம் தராமல் இறுகிவிடுகின்றன. இவற்றில் ஒரு வகைக்கு நுனியில் லினோலிக் அமிலமும் ஒட்டியிருக்கும். அடுக்குகள் ஒழுங்காக அமைவதற்கு அந்த வகை மிகவும் முக்கியம்.

லினோலிக் அமிலத்தை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். 1929இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டு வளர்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வாலில் புண் வந்தது, குடிக்கிற தண்ணீரின் அளவு கூடியது. தோல் வழியே நீர் கசிந்துகொண்டே இருந்ததால் தாகம் எடுத்தது என்பது பிறகு புரிந்தது. நல்லெண்ணெயில் பத்தில் நாலு பங்குக்குச் சற்று மேலே லினோலிக் அமிலம். சூரியகாந்தி எண்ணெயில் வழக்கமாக அதைவிடவும் அதிகம். தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு.

இனி கிருஷ்ணாயிலுக்கு வருவோம். அது எண்ணெய்க் கறையைக் கரைப்பது எந்த குணத்தாலோ அதே குணத்தால்தான் தோலின் கொழுப்பையும் கரைக்கிறது. கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் எது, கைக்குச் சொந்தமான எண்ணெய் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளங்கைத் தோல் தடித்திருப்பதால் தாங்கும் என்று நினைக்கிறோம். தடிமன் இருக்கிறதே தவிர அங்கே இந்தக் கொழுப்பு மற்ற இடங்களைவிடக் குறைவு, எண்ணெய்ச் சுரப்பிகளும் கிடையாது. புறங்கையும் விரல் இடுக்கும் மெல்லியவை, அதனால் முதலில் அடிபடுவது அவை.

கரைத்து எடுத்த கொழுப்பைத் தோல் திரும்பச் செய்துகொள்ளும். கரைப்பான் தடவிச் சோதித்துப் பார்த்ததில் இளவயதினருக்கு ஏறத்தாழ மூன்று நாளில் தடுப்பு பழைய நிலைக்கு வந்தது. 80 வயது தாண்டியவர்களுக்கு ஒரு வாரம்வரை பிடித்தது. ஆனால் தினமும் கழுவுகிறவருக்கு அந்த மூன்று நாள் இடைவெளி கிடைப்பதே இல்லை.

சோப்பு செய்யும் கெடுதல் கொஞ்சம் மறைமுகமானது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத்தன்மை உடையது, அமில அளவு 5ஐ ஒட்டி இருக்கும். செரமைடு உருவாகும் கடைசிக் கட்டம் நடப்பது அந்தச் செத்த அடுக்குகளுக்கு நடுவே. கீழிருந்து வரும் முன்பொருளை இரண்டு நொதிகள் வெட்டிச் செரமைடாக மாற்றுகின்றன. இரண்டுமே புளிப்பான சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். கட்டிச் சோப்பின் காரத்தன்மை 9, 10 என்று இருக்கும். கழுவிய சில மணி நேரம்வரை தோலின் புளிப்பு திரும்புவதில்லை, நொதிகள் மந்தமாகிவிடுகின்றன. போதாததற்கு, செத்த அடுக்குகளைப் பிரித்து உதிர்க்கிற வேறு நொதிகள் அந்தக் காரத்தில் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. சுவர் கட்டுகிறவர் வேலையை நிறுத்த, இடிக்கிறவர் கூடுதல் நேரம் பார்க்கிறார்.

காசிமேட்டில் ஐஸில் கை வைத்து மீன் பிரிக்கிறவர்கள், இறால் உரிக்கிற பெண்கள், இவர்களுக்குக் கிருஷ்ணாயில் தேவையே இல்லை. நாள் முழுக்கக் கை ஈரமாக இருப்பதே போதும். தொடர்ந்த ஈரம் மேலடுக்கை ஊற வைத்துக் கொழுப்பு அடுக்குகளின் ஒழுங்கைக் குலைக்கிறது. கையில் வரும் கரப்பானுக்கு உலகம் முழுவதும் தொழில் மருத்துவர்கள் முதலில் சொல்கிற காரணம் இந்த ஈர வேலைதான். அதற்கு மேல் மீனின் புரதமும் இறால் ஓட்டின் கீறலும் சேர்ந்துகொள்ளும்.

அமோனியா பற்றியும் இங்கே கேட்பார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலும் கண் எரிச்சலுமாக வீட்டை விட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா ஈரத்தில் கரைந்து காரமாகும் வாயு. வறண்ட தோலைவிடக் கண், மூக்கு, தொண்டை போன்ற ஈரமான இடங்களைத்தான் அது முதலில் தாக்கும், ஏனெனில் அங்கே செரமைடு சாந்து கிடையாது. வியர்வை நனைத்த தோலும், ஏற்கெனவே வெடித்த தோலும் அடுத்த இலக்கு. அப்படிப்பட்ட நேரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் சரி, சோப்பு வேண்டாம்.

அப்படியானால் எண்ணெய் படிந்த கையை என்னதான் செய்வது? சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தேய்த்து, துணியால் துடைத்து எடுப்பது நல்ல வழி. எண்ணெய் எண்ணெயில் கரையும், தோலுக்கு அடி குறைவு. பிறகு கொஞ்சம் மென்மையான சோப்பு, நல்ல தண்ணீர். துடைத்த கையோடு, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாஸ்லின் அல்லது தேங்காயெண்ணெய். இதெல்லாம் அடுத்த கட்டம்தான். முதல் கட்டம் கையுறை, அதுவும் எண்ணெய் ஊறாத நைட்ரைல் கையுறை. வேலைக்கு வரச் சொல்கிறவர்கள் அதைக் கொடுத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு ஆட்களை எண்ணெய்க்குள் இறக்கிவிட்டு, பிறகு தோல் முகாம் நடத்துவது எந்த ஊர் நியாயம்?

வாஸ்லின் என்றதும் சிரிப்பு வரலாம். அதுவும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதானே! 1859இல் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போன ராபர்ட் செஸ்பரோ என்ற இளைஞர், துரப்பணக் கம்பிகளில் படியும் மெழுகுப் பிசுக்கைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்தில் தடவுவதைப் பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872இல் காப்புரிமை வாங்கினார். வாஸ்லின் தோலின் மேல் பூச்சாக நின்றுவிடாமல் மேலடுக்குகளுக்கு நடுவே இறங்கி, இழந்த கொழுப்பின் இடத்தில் தற்காலிகமாக நின்று நீரைத் தடுக்கிறது என்று 1990களின் தொடக்கத்தில் காட்டப்பட்டது. அடியில் தோல் தன் செரமைடைச் செய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது.

விலை கூடிய செரமைடு க்ரீம்கள் பயனற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். கரப்பான் உள்ளவர்களின் தோலில் செரமைடு குறைந்திருப்பது 1991இலேயே ஜப்பானில் அளந்து காட்டப்பட்டது, அவர்களுக்குச் சில தயாரிப்புகள் உதவுகின்றன. ஆனால் டப்பாவில் ‘செரமைடு’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. இலையாஸ் குழுவினர் 1993இல் எலித்தோலில் செய்த சோதனையில், செரமைடை மட்டும் தடவியபோது தோல் ஆறுவது தாமதமானது. செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சரியான அளவில் சேர்ந்தபோதுதான் ஆறியது. டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்துக்கு மதிப்பு அதிகம். செரமைடு மாத்திரைகளோ எனக்கு நம்பிக்கை தரவில்லை. வாய்வழி போனதைக் குடல் பெரும்பாலும் பிரித்துப் போட்டுவிடுகிறது.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குப் போனால் இதே கொழுப்பை வேறொரு உருவத்தில் பார்க்கலாம். பிறந்த குழந்தையின் மேல் வெண்ணெய் அப்பியதுபோல் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அதில் எண்பது விழுக்காடு தண்ணீர், மீதியில் புரதமும் கொழுப்பும். அந்தக் கொழுப்பில் செரமைடு உண்டு. அழுக்கு என்று நினைத்து உடனே தேய்த்துக் கழுவுகிற வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டாமல் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்புச் சூடு குறையாமல் இருப்பது ஒரு காரணம் என்றால், அந்தப் பூச்சு தோலில் தங்குவது இன்னொரு நன்மை.

குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பு முழுதாக உருவாகியே இருக்காது, தோல் வழியே கிருமி புகும். டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் அத்தகைய குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்த ஆய்வு 2005இல் லான்செட் இதழில் வந்தது. தடவாதவர்களோடு ஒப்பிட்டால் மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய் 41 விழுக்காடு குறைவு. சில ரூபாய் செலவில் கிடைத்த பலன் அது. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் தடவும் கடுகெண்ணெய் எலித்தோலின் தடுப்பைக் கெடுத்தது. ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தோலிலேயே கெடுதல் செய்தது. நம் ஊர்ப் பாட்டிகள் எடுக்கும் தேங்காயெண்ணெய்க்குச் சாதகமான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனாலும் குறைமாதக் குழந்தைக்கு எதைத் தடவுவது என்பதை வார்டு டாக்டர் சொல்லட்டும்.

தோலில் செரமைடைச் செய்யும் இரண்டு நொதிகள் என்று சொன்னேன் அல்லவா? அவற்றில் ஒன்று, சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய செரமைடிலிருந்து அந்தச் சர்க்கரையை வெட்டி எடுப்பது. அதே நொதி உடம்பின் உள்ளே பழைய உயிரணுக்களைச் செரிக்கும் இடத்திலும் வேலை பார்க்கிறது. பிறவியிலேயே அது பழுதுபட்டிருந்தால் வெட்டப்படாத கொழுப்பு மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேர்ந்துகொண்டே போகும். வயிறு வீங்கும், ரத்தம் குறையும், எலும்பு வலிக்கும். 1882இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே பெயரால் இது கோஷே நோய். மிகக் கடுமையான வகையில் குழந்தை பிறக்கும்போதே தோல் கண்ணாடித் தாள் சுற்றியதுபோல் இருப்பதுண்டு. ஒரே நொதி, இரண்டு இடங்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த நொதியையே மருந்தாக ஏற்றும் சிகிச்சை 1991 முதல் இருக்கிறது, ஆனால் வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும், விலை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாது. 2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ் இப்போது ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி கிடைக்கும். எடை கூடக் கூட மருந்தும் கூடும் என்பதால் அந்தத் தொகை சில குழந்தைகளுக்கு நெடுநாள் வராது.

செரமைடின் தலையில் சர்க்கரைகள் வரிசையாக ஏறினால் காங்கிலியோசைடு என்ற குடும்பம். மூளையில் இவை நிறைய. குடலின் உட்புறத்திலும் உண்டு, அங்கேதான் காலரா வருகிறது. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இருப்பதன் அருமை வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். கழிவுநீரும் குடிநீரும் கலக்கிற ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் அதன் பெயர் அடிபடும். காலராவின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் கிருமி சுரக்கும் ஒரு நஞ்சு என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயல்களின் குடலில் நிரூபித்தார். அந்த நஞ்சு குடல் உயிரணுவில் எதைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது என்பது 1970களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஜிஎம்1 என்ற காங்கிலியோசைடுதான் அது. நஞ்சின் ஐந்து இதழ்கள் ஐந்து ஜிஎம்1 மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் உயிரணு உப்பையும் நீரையும் வெளியே கொட்டத் தொடங்கும். 1992 இறுதியில் சென்னையில் முதலில் தலைகாட்டி, வங்காளம்வரை பரவிய ஓ139 என்ற புதிய காலரா வகையின் நஞ்சும் இதே வழியைத்தான் பிடித்தது. மேலுறை மாறியதால் பழைய எதிர்ப்புச் சக்தி பலிக்கவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டும் முன்புபோலவே வேலை செய்தது.

இனி ஈரலும் தசையும். எண்ணெய்க் கசிவைவிட இந்தப் பகுதிதான் அதிகம் பேரைத் தொடுகிறது.

உயிரணுவுக்குள் செரமைடு செய்யும் முதல் படியில் இரண்டு மூலப்பொருள் வேண்டும். ஒன்று செரின் என்ற அமினோ அமிலம், அது எப்போதும் கைவசம் இருக்கும். மற்றொன்று பால்மிட்டிக் அமிலம், 16 கரியணு நீளமுள்ள கொழுப்பு அமிலம். பால்மிட்டிக் மிகுந்தால் செரமைடும் மிகும். மிகுந்த செரமைடு, இன்சுலின் கொண்டுவரும் செய்தியை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. ‘ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது, உள்ளே எடு’ என்ற கட்டளை உயிரணுவின் வாசல்வரை வந்தும் உள்ளே போய்ச் சேர்வதில்லை, ஏனெனில் அதைக் கடத்தும் ஏகேடி என்ற புரதத்தைச் செரமைடு முடக்கிவிடுகிறது. செரமைடு உற்பத்தியைத் தடுக்கும் மைரியோசின் என்ற பூஞ்சைப் பொருளைக் கொடுத்தபோது ஆய்வக எலிகளில் இன்சுலின் மறுபடி வேலை செய்தது. மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு அது கடுமையானது. ஆனால் அதன் அமைப்பைப் பின்பற்றிச் செய்த ஃபிங்கோலிமாட் என்ற மருந்து, வேறொரு வழியில் செயல்பட்டு, 2010 முதல் ஒருவகை நரம்பு நோய்க்குப் பயன்படுகிறது.

பால்மிட்டிக் அமிலத்துக்குப் பெயர் வந்ததே பனைக் குடும்பத்து எண்ணெயால்தான். பாமாயிலில் அது ஏறத்தாழ 44 விழுக்காடு. கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பத்தை ஒட்டி, சூரியகாந்தியில் ஆறேழு. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கிடைக்கும் எண்ணெய் இந்தப் பாமாயில்தான், லிட்டர் 25 ரூபாய். வெளியே மற்ற எண்ணெய் விற்கும் விலையில் இது ஏழை வீட்டுக்குப் பெரிய கைத்தாங்கல். அதைக் குறைசொல்லிவிட்டுப் போவது சுலபம், மாற்று வழி காட்டுவது கடினம். தேங்காயெண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் கேட்கிறார்கள். அதில் பால்மிட்டிக் குறைவுதான், ஆனால் வேறு நிறைகொழுப்புகள் மிகுதி, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். கடலையெண்ணெயோ, பாமாயிலோடு வேறொன்றைக் கலந்து கொடுப்பதோ மேல் என்பது என் கருத்து.

ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒல்லியான இளைஞர்கள் 39 பேர் ஏழு வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கேக் தின்றார்கள். பாதிப் பேருக்குப் பாமாயில் கேக், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய்க் கேக். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. எடை இரு சாராருக்கும் ஒரே அளவு கூடியது. ஆனால் பாமாயில் தின்றவர்களுக்கு ஈரலில் கொழுப்பு அதிகம் ஏறியது, மற்றவர்களுக்கு அந்த எடையில் கூடுதல் பங்கு சதையாகப் போனது. 2014இல் வெளியான ஆய்வு இது. பருமனானவர்களை வைத்து 2019இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், நிறைகொழுப்பு தின்றவர்களின் ரத்தத்தில் செரமைடும் உயர்ந்திருந்தது. இரண்டுமே அளவுக்கு மீறித் தின்னவைத்த சோதனைகள். தாளிக்க ஒரு கரண்டி பாமாயில் விடுகிறவர் இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை.

எண்ணெயை மட்டும் குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. செலவாகாத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரலே பால்மிட்டிக் அமிலமாக மாற்றிவிடும். அளவில்லாத வெள்ளைச் சோறும், நாளுக்கு ஏழெட்டு முறை குடிக்கிற இனிப்புத் தேநீரும் அங்கேதான் போய்ச் சேருகின்றன.

இங்கே துறைமுகத்தின் வரலாறு குறுக்கே வருகிறது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது 1983இல். அதுவரை மூட்டை மூட்டையாக முதுகில் ஏறிய சரக்கு, பெட்டியோடு பாரந்தூக்கியில் ஏறத் தொடங்கியது. முதுகுக்கு விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு எரித்த கொழுப்பை இப்போது யார் எரிப்பது? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாசலுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநரைப் பாருங்கள். உட்கார்ந்தே இருக்கிறார், தூக்கம் சரியில்லை, கைக்கெட்டுவது பரோட்டாவும் பஜ்ஜியும் தேநீரும். ஈரலிலும் தசையிலும் செரமைடு குவிய இதைவிடத் தோதான வாழ்க்கையை யாரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அதில் இவர் போன்றவர்கள் எத்தனை பேர் சோதனையே செய்துகொள்ளாமல் வண்டி ஓட்டுகிறார்களோ!

ரத்தத்தில் செரமைடை அளந்து மாரடைப்பு அபாயத்தைக் கணிக்கும் சோதனை அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 2016 முதல் இருக்கிறது. அங்கேதான் வாலின் நீளம் மறுபடி வருகிறது. 16, 18 கரியணு வால் உடையவை மிகுந்தால் அபாயம். 24 கரியணு கொண்ட நிறைவான வால் உடையது மிகுந்தால் அவ்வளவு பயமில்லை. அதனால் மொத்த அளவைவிட இவற்றுக்குள் இருக்கும் விகிதத்தைப் பார்க்கிறார்கள். நம் ஊர் ஓட்டுநருக்கு இந்தச் சோதனை இப்போதைக்குத் தேவையில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் எடுக்கும் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு ஆகியவையே அவருக்குச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைச் சொல்லிவிடும்.

தசையில் சேர்ந்த செரமைடு குறைவதற்கு நிரூபணமான வழி நடையும் உடற்பயிற்சியும். சில மாதங்கள் பயிற்சி செய்த பருமனானவர்களின் தசையை எடுத்துப் பார்த்தபோது அதில் செரமைடு குறைந்து, இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. வரிசை நகராமல் நிற்கும்போது வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நடக்க ஓர் ஓரம் வேண்டும், குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். லாரி நிறுத்துமிடம் கேட்டு எழுப்புகிற கோரிக்கைகளில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.